சுகன்யாவுக்காகக் கேட்டது

செல்லக்கிளி முதலில் சண்டைக்குப் போனது பால்வாடி ஆயா ஆறுமுகத்தாயிடம்தான். மகள் சுகன்யாவின் இரண்டு கால்களிலும் நீலம் பாரித்த தடங்கள் இருந்தன. தொடையில் ஒன்று, கெண்டைக்காலில் நான்கு, முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. நாலரை வயதுப் பிள்ளையை இப்படி அடிக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள். ஆறுமுகத்தாய் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. சுகன்யாவைத் தன் பக்கம் இழுத்து, கீழுதட்டை விரலால் விலக்கிக் காட்டினாள். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"நான் தொடல செல்லக்கிளி. நாலு நாளா இப்படித்தான் இருக்கு. விளையாட விட்டா ஓரமாப் போயி உக்காந்துக்கிடுதா. என்னைய நாளைக்கு வேணும்னாலும் ஏசு. இன்னைக்கு இவள டாக்டர்ட்ட கொண்டு போ."

1994 ஆடி மாதம் அது. தச்சநல்லூரில் அவர்களுக்கு ஒற்றை அறை ஓட்டு வீடு. செல்லக்கிளி பீடி சுற்றினாள். அவள் கணவன் சங்கிலிபூதத்தான் பக்கத்து அரிசி ஆலையில் மூட்டை தூக்கினான். நல்ல உயரம், அகலமான தோள். ஆனால் யாராவது கொஞ்சம் அதிகாரமாகப் பேசிவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு பெண்டாட்டிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து வந்த ஒரே பிள்ளை சுகன்யா.

தெருமுனை டாக்டர் ரத்தம் குறைவு என்று சொல்லி டானிக் கொடுத்தார். காய்ச்சலும் வந்து சேர்ந்தது, விடவில்லை. மறுபடியும் டானிக் கொடுத்தார். மூன்றாவது தடவை அவர் சீட்டை எழுதிக் கிழித்து நீட்டியபோது செல்லக்கிளி ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரத்தம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க டாக்டர்."

"அதெல்லாம் தேவையில்லம்மா. வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

"பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு வந்தா நாளைக்கே வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன். பாக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."

எரிச்சலோடுதான் அவர் பாளையங்கோட்டைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பாளையங்கோட்டையில் டாக்டர் தாணுமாலையன் குழந்தைகளுக்கென்று பத்துப் படுக்கைகளோடு ஒரு சிறிய ஆஸ்பத்திரி நடத்திவந்தார். ரத்தத்தை அவரே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் செல்லக்கிளியைப் பிள்ளையோடு உள்ளே உட்கார வைத்துவிட்டு, சங்கிலிபூதத்தானை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அவன் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டவுன் பஸ்ஸில் சுகன்யாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வண்ணார்பேட்டை தாண்டும்போது அவள் காதிலிருந்து கழன்று விழப்பார்த்த பொட்டுக் கம்மலை மாட்டிவிட முயன்றான். நாலைந்து தடவை முயன்றுவிட்டுக் கம்மலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து செல்லக்கிளி தனியாகப் பாளையங்கோட்டைக்குப் போனாள்.

"அவருட்ட சொன்னத எங்கிட்டயும் சொல்லுங்க சார்."

"உங்க வீட்டுக்காரர் சொல்லலையாம்மா?"

"அவரு ரெண்டு நாளா சோறு திங்கல. வாயத் திறக்க மாட்டேங்காரு. நீங்க சொல்லுங்க. மருந்து குடுக்கப் போறது நான். எதுக்குக் குடுக்கேன்னு எனக்குத் தெரியணும்லா?"

தாணுமாலையன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அம்மாக்களிடம் நேராகச் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை. ரத்தத்தில் வரும் புற்றுநோய் என்று சொன்னார். பிள்ளைகளுக்கு வருவதில் இந்த வகைக்கு மருந்து இருக்கிறது, பாதிப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள், ஆனால் இரண்டு மூன்று வருஷம் விடாமல் பார்க்க வேண்டும் என்றார்.

"மத்தப் பாதிப் பிள்ளைங்க?" என்று அவள் கேட்டாள். அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவள் திரும்பக் கேட்கவில்லை. நோயின் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். வாசலிலேயே நின்று எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தாணுமாலையன் கடிதம் கொடுத்தார். முதல் மூன்று மாதம் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்ததைச் சுகன்யா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கும் அவ்வளவாக அழவில்லை. அவளுக்குப் பயமெல்லாம் முதுகில் போடும் ஊசிதான். வாரத்துக்கு ஒரு தடவை, வார்டின் கடைசியில் இருந்த அறைக்குள் தூக்கிப் போவார்கள். தாய்மாரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிடுவார்கள். நாலு பேர் பிடித்து அமுக்கிக்கொள்ள, முதுகெலும்புக்கு நடுவில் ஊசி இறங்கும். முதல் வாரம் உள்ளேயிருந்து "எம்மா" என்ற சத்தம் கேட்டது. பிறகு "எம்மா வா" என்று கேட்டது. கடைசியில் வார்த்தையில்லாமல் வெறும் சத்தம். கதவு திறந்தபோது சுகன்யா அம்மாவிடம் வரவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று முழுவதும் செல்லக்கிளி கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அடுத்த வாரம் நர்ஸ் சபீதா பிள்ளையைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். செல்லக்கிளி பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"நானும் உள்ள வாரேன்."

"விட மாட்டாங்கக்கா. அம்மாமார் மயங்கி விழுந்துருவாங்க. அப்புறம் உங்களப் பாப்போமா, பிள்ளையப் பாப்போமா?"

"நான் விழமாட்டேன்."

"டாக்டர் ஏசுவாரு."

"ஏசட்டும். அவ என்னைக் கூப்பிட்டா. நான் வரலை. நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்னு அவளுக்குத் தெரியாது. நான் விட்டுட்டுப் போயிட்டேன்னு நினைச்சுக்கிட்டா. இன்னொரு தடவை அப்படி நினைக்க விடமாட்டேன். நான் வந்தா ஊசி போடுங்க. இல்லன்னா நாங்க இங்கனயே உக்காந்திருக்கோம்."

டாக்டர் வந்தார். மலையாளத்தில் ஏதோ சொன்னார். செல்லக்கிளிக்குப் பாதி புரிந்தது. அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். சங்கிலிபூதத்தான் வழக்கம்போல அவளுக்குப் பின்னால் நின்றான். ஆனால் "வா போவோம்" என்று சொல்லவில்லை. நகரவும் இல்லை. அரைமணி நேரம் கழித்து டாக்டர் கையை உதறிக்கொண்டு, ஒரே ஒரு தடவைதான் விடுவோம், விழுந்தால் யாரும் தூக்க மாட்டார்கள் என்று அவளிடம் சொல்லும்படி சபீதாவிடம் சொன்னார்.

உள்ளே மேஜைமேல் சுகன்யாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முழங்கால் வயிற்றைத் தொடும்படி வளைந்திருக்க வேண்டும். செல்லக்கிளி குனிந்து அவள் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, காதுக்குள் பீடி சுற்றினாள்.

"இந்தா, இலை வெட்டியாச்சு. தூள் வைக்கேன். இப்ப பைய சுருட்டுதேன். அசையாத, அசைஞ்சா தூள் கொட்டிரும். சுருட்டுதேன். தலைய மடக்குதேன். இனி நூல்தான். நூல் கட்டுனா முடிஞ்சுது."

"நூல் கட்டிட்டியா?"

"இப்பதான் எடுக்கேன்."

"பைய குத்தச் சொல்லு."

"பையதான் குத்துதாங்க. நூல் சுத்துதேன் பாரு. ஒரு சுத்து. ரெண்டு சுத்து."

அன்று சுகன்யா அழுதாள். ஆனால் திமிறவில்லை. நாலு பேர் பிடித்த இடத்தில் ஒருத்தி போதும் என்று டாக்டர் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் யாரும் தடுக்கவில்லை. பிறகு பக்கத்துப் படுக்கைப் பையனின் தாய் தானும் உள்ளே வருவேன் என்றாள். அவளையும் விட்டார்கள்.

சபீதாவிடம் கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் செல்லக்கிளி தேதி போட்டு வெள்ளை அணு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எல்லாவற்றின் எண்ணிக்கையையும் எழுதிவைத்தாள். ஒருநாள் தட்டணு இரண்டு லட்சம் என்று தாள் வந்தது. முந்தின நாள் பதினெட்டாயிரம். காலையில்கூட மூக்கில் ரத்தம் வந்திருந்தது. "இது எம்பிள்ளையோடது இல்ல. திரும்ப எடுங்க" என்று சொல்லிவிட்டு, எடுக்கும்வரை மேஜையை விட்டு நகரவில்லை. வேறொரு பிள்ளையின் தாள்தான் மாறி வந்திருந்தது. அதற்குப் பிறகு டாக்டர் வார்டுக்கு வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்டார்.

சுகன்யா இதையெல்லாம் தனக்குரியதாக எடுத்துக்கொண்டு வார்டில் நாட்டாமை செய்தாள். சபீதாவிடம், "உங்க வீட்டுல பிள்ளை இருக்கா? அதுக்கும் நீங்கதான் ஊசி போடுவீங்களா?" என்று கேட்டாள். தன் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு வேறு யாராவதுதான் போடுவார்கள் என்று சபீதா சொன்னதும், "உங்களுக்குப் பயமா?" என்றாள். சபீதா ஆமாம் என்று சொல்லிவிட்டாள்.

முடி திரும்ப வந்தது. முன்பு நேராக இருந்தது, இப்போது சுருட்டையாக வந்தது. 95 ஜூன் மாதம் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். சங்கிலிபூதத்தான் ஆலைக்குப் போகும் வழியில் தோளில் தூக்கிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவான். இறக்கிவிட்ட பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பான். செல்லக்கிளி பீடித் தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்தாள். மாதம் ஒரு தடவை திருவனந்தபுரம் போய்வந்தார்கள். மற்ற நாட்களில் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்த எட்டு மாதம்தான் அவர்களுக்குக் கிடைத்தது.

96 மாசியில் சுகன்யா பள்ளிக்கூடம்விட்டு நொண்டிக்கொண்டு வந்தாள். விழுந்துவிட்டாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். கால் உள்ளே வலிக்கிறது என்றாள். செல்லக்கிளி அவளைப் பாயில் உட்கார வைத்து ஈறைப் பார்த்தாள். அன்று மாலையே பஸ் ஏறினார்கள்.

நோய் திரும்பிவிட்டது என்று திருவனந்தபுரத்தில் சொன்னார்கள். முன்பைவிடக் கடுமையான மருந்து இருக்கிறது, கேட்கலாம், கேட்காமலும் போகலாம் என்றார்கள். எத்தனை பேருக்குக் கேட்கும் என்று செல்லக்கிளி கேட்டாள். நூறு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் நாலைந்து பிள்ளைகள் என்று டாக்டர் சொன்னார். "அந்த நாலுல ஒண்ணா இருக்கட்டும்" என்று சங்கிலிபூதத்தான் உடனே சொன்னான். டாக்டரிடம் அவன் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்த மருந்து ஏறிய மூன்று வாரத்தில் சுகன்யாவின் வாய் முழுக்கப் புண்ணானது. எச்சில் விழுங்க முடியவில்லை. உதட்டோரத்தில் வழிவதை செல்லக்கிளி துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பேசினால் வலிக்கும் என்று சுகன்யா விரலால் காட்டிக் காட்டிக் கேட்டாள். பிறகு காட்டுவதையும் விட்டுவிட்டாள். கடைசியில் ரத்தத்தைப் பார்த்தபோது நோய் குறையவில்லை. இன்னொரு சுற்றுக் கொடுத்துப் பார்க்கலாமா, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாம்" என்றாள் செல்லக்கிளி.

சங்கிலிபூதத்தான் அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனான்.

"என்னட்டி சொல்லுத? யாரக் கேட்டுச் சொன்ன?"

"அவளப் பாத்துட்டுச் சொன்னேன்."

"இன்னொரு தடவ குடுத்துப் பாக்கலாம்னு அவரே சொல்லுதாரு."

"பாக்கலாம்னுதான் சொல்லுதாரு. நல்லாகும்னு சொல்லலை. நீங்க அவரு முகத்தப் பாக்கலையா?"

"நீ களைச்சுப் போயிட்ட" என்றான் அவன். "ரெண்டு வருசமா அலைஞ்சு களைச்சுப் போயிட்ட. அதான் போதும்னு சொல்லுத."

செல்லக்கிளி சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் இதுவரை யார் யாரிடமோ ஏச்சு வாங்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் பதிலுக்குப் பேசினாள். இப்போது, "நீங்களே உள்ள போயி அவகிட்ட கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவன் போனான். சுகன்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவள் கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். பத்து நாட்களுக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"எப்பா, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறியா?"

மறுநாள் தச்சநல்லூருக்குப் புறப்பட்டார்கள். போகும்போது டாக்டர் இரண்டு வாரத்துக்கு மார்பின் என்ற வலி மருந்து கொடுத்தார். எலும்புக்குள் நோய் இருக்கிறது, வலி கூடும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதைத் தவறாமல் கொடுக்க வேண்டும் என்றார். கட்டுப்பாடுள்ள மருந்து, பிள்ளையை நேரில் பார்க்காமல் மறுபடி தர முடியாது, தேவைப்பட்டால் உங்கள் ஊர் டாக்டரிடம் கேளுங்கள் என்றும் சொன்னார்.

இரண்டு வாரத்தில் வாய்ப்புண் ஆறியது. மருந்தும் தீர்ந்தது. பாளையங்கோட்டையில் எந்த மருந்துக் கடையிலும் மார்பின் இல்லை. பெயரைச் சொன்னதுமே கடைக்காரர்கள் சங்கிலிபூதத்தானை ஏற இறங்கப் பார்த்தார்கள். தாணுமாலையனிடமும் இல்லை. அதை வைத்துக்கொள்ளவே தனி உரிமம் வேண்டும், தன்னைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரிக்கு அது கிடைக்காது என்றார். அவர் கொடுத்த வேறு மாத்திரைகள் ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்கவில்லை. சுகன்யாவின் காலில் போர்வை பட்டால்கூட வலித்தது. திருவனந்தபுரத்துக்குப் பஸ்ஸில் கொண்டு போவதை நினைக்கவே முடியாது.

"நான் ஒரு சான்று எழுதித் தாரேன்" என்றார் தாணுமாலையன். "பிள்ளை எந்த நிலைமைல இருக்குன்னு. இங்க மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அதுல கையெழுத்துப் போட்டு முத்திரை வச்சா, பிள்ளை இல்லாமலே அங்க மருந்து குடுப்பாங்க. நான் போன் போட்டுக் கேட்டுட்டேன்."

செல்லக்கிளி பிள்ளையை விட்டு நகர முடியாது. ஆகவே சங்கிலிபூதத்தான் போனான். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். குற்றாலலிங்கம் என்ற குமாஸ்தா முன்மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"என்னவே வேணும் உமக்கு?"

அவன் சான்றை நீட்டினான். அவர் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார்.

"போதைச் சாமான்வே இது. அஞ்சாறு வயசுப் பிள்ளைக்கா கேக்கீரு? அதிகாரி கேம்ப் போயிருக்காரு. நாளைக்கு வாரும்."

மறுநாளும் அதிகாரி வரவில்லை. முதல் நாள் அவன் வீட்டுக்குத் திரும்பிய மாதிரி இந்தத் தடவை திரும்பவில்லை. மாடிப்படியின் கீழேயே உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறக்க வந்த குற்றாலலிங்கம் அவனைப் பார்த்ததும் நின்றார். அவன் வேட்டியில் அரிசி ஆலைத் தவிடு ஒட்டியிருந்தது. சாப்பிட்டீரா என்று கேட்டார். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"நாலு மணிக்கு வருவாரு" என்றார் குற்றாலலிங்கம் மெதுவாக. "வந்ததும் நான் வேற பேப்பர் ஒண்ணையும் உள்ள கொண்டு போக மாட்டேன். நீரு கதவுகிட்ட நில்லும்."

அதிகாரி ஐம்பது வயதுக்காரர், நிதானமானவர். சான்றைப் படித்தார். வழக்கத்தில் இல்லாத காரியம், யோசித்துத்தான் செய்ய வேண்டும் என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம், பத்துப் பதினைந்து நாளில் பதில் வந்துவிடும் என்றார்.

சங்கிலிபூதத்தான் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்லக்கிளியாக இருந்தால் என்ன சொல்லுவாள் என்று யோசித்தான்.

"ரொம்ப அழுதாளா பிள்ளை?" என்று அதிகாரி தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"இல்ல சார். அழல."

அவர் நிமிர்ந்தார்.

"அழுதா ஒடம்பு குலுங்குதுல்லா சார். குலுங்குனா இன்னும் வலிக்கி. அதனால அழுகைய நிப்பாட்டிட்டா. பல்லக் கடிச்சுக்கிட்டு மேல ஓட்டு மோட்டையே பாத்துக்கிட்டுக் கிடக்கா. முந்தாநேத்து அவ அம்மைகிட்ட, நான் எதும் தப்புப் பண்ணுனேனான்னு கேட்டிருக்கா." அவன் குரல் தடுமாறவில்லை. தன் குரல்தானா என்று அவனுக்கே தெரியவில்லை. "அவ பிழைக்க மாட்டான்னு எனக்குத் தெரியும் சார். நான் அத உங்ககிட்ட கேக்க வரல. பத்துப் பதினஞ்சு நாள்னு சொல்லுதீங்க. அவளுக்கே அவ்வளவு நாள் கிடையாது. இருக்க நாளைக்கு வலிக்காம இருக்கணும். அது மட்டுந்தான் கேக்கேன்."

அதிகாரி சான்றை மறுபடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு குற்றாலலிங்கத்தைக் கூப்பிட்டார். முத்திரை வைத்த தாளைக் குற்றாலலிங்கம் அவன் கையில் கொடுத்தபோது, "சீக்கிரம் போங்க" என்றார். அதுவரை அவர் அவனை "வே" என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

ஆலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அரிசி ஏற்றிப்போகும் லாரியை ஓட்டுபவர் தாஜ் முகம்மது. மறுநாள் விடியுமுன் அவர் லாரியிலேயே சங்கிலிபூதத்தானைக் கூட்டிப் போனார். அரிசியை இறக்கும் முன் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டினார். அன்று சபீதாதான் வார்டில் இருந்தாள். அவனைப் பார்த்ததுமே தாளை வாங்கிக்கொண்டு அவளே நடந்து, அவளே வரிசையில் நின்று மருந்தை வாங்கி வந்தாள். "எப்படி இருக்கா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள், சொல்ல வேண்டாம் என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

அவன் தச்சநல்லூரில் இறங்கியபோது மாலை நாலு மணி. செல்லக்கிளி வாசலிலேயே நின்றிருந்தாள். மருந்தைக் கையில் வாங்கினாள், மாத்திரையைக் கரண்டியில் நுணுக்கித் தண்ணீர் விட்டுக் கரைத்தாள். கொடுத்த முக்கால் மணி நேரத்தில் சுகன்யாவின் தாடை தளர்ந்தது. கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கண் மூடியது. ஐந்து நாளில் முதல் தடவையாகத் தூங்கினாள். செல்லக்கிளி அவள் காலைத் தொட்டுப் பார்த்தாள். அவள் விழிக்கவில்லை. அப்போதுதான் செல்லக்கிளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். காலை ஆறு, பத்து, மத்தியானம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, நடுராத்திரி இரண்டு என்று மருந்துக்கு மணி வைத்தார்கள். சங்கிலிபூதத்தான் வேலைக்குப் போகவில்லை. ஒருநாள் சுகன்யா நுங்கு கேட்டாள். அவன் குலையோடு வாங்கிவந்தான். அவள் அரைச் சுளை தின்றாள். ஒருநாள் பீடித் தட்டைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, வெட்டி மிஞ்சிய இலைத்துண்டில் ஒன்று சுற்றினாள். நூல் கட்டத் தெம்பில்லை. அப்பாவைக் கட்டச் சொன்னாள். அவன் தடித்த விரல்களுக்கு அது வரவேயில்லை. அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்று நினைத்து நிறுத்திவிட்டு, வலிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி சிரித்தாள்.

அன்று சாயங்காலம் பிள்ளை தூங்கும்போது, "அன்னைக்கு வராந்தாவுல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான் சங்கிலிபூதத்தான்.

"நீங்க சொன்னது சரிதான். களைச்சுத்தான் போயிட்டேன்" என்றாள் அவள். "ஆனா அதுக்காகப் போதும்னு சொல்லலை."

"தெரியும்ட்டி."

"இப்பவும் ராவும் பகலும் யோசிக்கேன். அந்த இன்னொரு சுத்துக் குடுத்திருந்தா என்னன்னு."

அவன் கை நீட்டி அவள் தலையில் வைத்தான்.

பன்னிரண்டாம் நாள், சித்திரை கடைசி. மத்தியான மருந்து கொடுத்த பிறகு சுகன்யா விழித்துக்கொண்டாள். கண் எங்கேயோ பார்த்தது.

"எம்மா, என் காலு எங்க இருக்கு?"

"இந்தா, என் கையிலதான் இருக்கு."

"வலிக்கலை."

"வலிக்காது இனி."

"எப்பா எங்க?"

"இங்கனதான் இருக்கேன் தாயி" என்றான் அவன். அவள் கை அவன் விரல் ஒன்றைப் பிடித்தது. மூச்சு இடைவெளிவிட்டு வந்தது. தாணுமாலையன் சொல்லியிருந்தபடிதான் எல்லாம் நடந்தது. இன்னொரு மூச்சு வரும் என்று இருவரும் காத்திருந்தார்கள். மூன்றரை மணிக்கு வந்த மூச்சுக்குப் பிறகு வரவில்லை.

ஆற்றங்கரைக்கு அவளைத் தூக்கிப் போக ஆட்கள் வந்தார்கள். சங்கிலிபூதத்தான் யாரிடமும் கொடுக்கவில்லை. தோளில் போடவில்லை, இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நடந்தான். குழியில் இறங்கி அவனே படுக்க வைத்தான். முகத்தை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவன் அவள் தூங்கும் பக்கமாக வைத்தான். மேலே ஏறி வர இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணாமல் அப்படியே கொண்டுபோய்த் தாணுமாலையனிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

காரியம் முடிந்த மறுநாள் ஆலைக்குப் போனான். காலையெல்லாம் மூட்டை தூக்கினான். மத்தியானம், தூக்கிய மூட்டையைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு வெளியே நடந்தான். எங்கே போகிறாய் என்று மேஸ்திரி பின்னாலிருந்து கேட்டார். வேகமாக நடந்து வீட்டுக்கு வந்தான்.

செல்லக்கிளி அடுப்படியில் நின்றிருந்தாள். கையில் கழுவிய கரண்டியும் தண்ணீர் டம்ளரும் இருந்தன. அவனைப் பார்த்தாள். மணி இரண்டு, மத்தியான மருந்தின் நேரம்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சாப்பிடுதீங்களா?"

"நீ சாப்பிட்டியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவன் இரண்டு தட்டை எடுத்துத் தரையில் வைத்தான். பழைய சோறும் துவையலும் இருந்தன. சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு அவன் ஆலைக்குத் திரும்பினான். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தான்.